கொதிக்காத நீலம்

வலியசாலை, திருவனந்தபுரம்.
கொல்லம் 1111, மீனம் 9.

பம்பாயில் இருக்கும் ஆத்துக்காரருக்கு, சூடாமணியின் நமஸ்காரம். அநேக கோடி என்று சேர்த்து எழுதுவது வழக்கம். எனக்கு இப்போது அவ்வளவு கை வரவில்லை. ஒன்று அனுப்புகிறேன், வைத்துக்கொள்ளவும்.

இங்கே அண்ணா, மன்னி, குழந்தைகள், நான் எல்லாரும் சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று கேட்கும் வரியை விட்டுவிட்டேன். சௌக்கியமில்லை என்பதால்தானே மூன்று வருஷத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமே வந்திருக்கிறது.

கடிதம் அண்ணா பேருக்கு வந்தது. அண்ணா கச்சேரி உத்தியோகம் முடிந்து வந்து, கால் அலம்பி உட்கார்ந்து, உரக்க வாசித்தார். உங்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை கண்டிருக்கிறது. டாக்டர் தினம் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அரிசியைக் குறைத்து, தித்திப்பை விட்டு, காலையில் இரண்டு மைல் நடக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு இந்த வயதில் தனியாகப் பத்தியச் சமையல் பண்ண முடியவில்லை. ஆகவே சூடாமணியை அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்ப வேண்டியது. அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாவித்ரி மன்னி, "போறதுதான் முறை" என்றாள். அண்ணா என் முகத்தைப் பார்த்தார். பதிலை நானே எழுதுகிறேன் என்றேன். உறையின் மேல் சேஷன் என்று உங்கள் பெயரையும் நானே எழுதியிருக்கிறேன். பெண்டாட்டி புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். எழுதினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

நடுவில் போன தை மாசம் நீங்கள் பாலக்காட்டில் இரண்டாம் தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்தது எங்களுக்குத் தெரியும். சர்க்கரை வியாதி என்று கேள்விப்பட்டு அவர்கள் பின்வாங்கியதும் தெரியும். அங்கே கதவைச் சாத்திய பிறகுதான் வலியசாலைக்கு வழி ஞாபகம் வந்திருக்கிறது. இருக்கட்டும்.

உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. பம்பாய் போகும் முன் நீங்கள் இருந்த கரமனை வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் என்னை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்துவீர்கள். கட்டை விரலால் என் கீழிமையை இழுத்துப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். அம்மாவிடம் திரும்பி, "சுண்ணாம்புச் சுவர்தான், ஒரு துளி சிவப்பு இல்லை" என்பீர்கள். உங்கள் தங்கைகள் சிரிப்பார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவன்கூட அதைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் பார்க்கிறான்.

அப்போது நீங்கள் தினமும் தண்டால் நூறு, பஸ்கி இருநூறு எடுத்துக்கொண்டிருந்தீர்கள். எடுத்து முடித்ததும் பாதாம் பால், நெய்யில் பிசைந்த லேகியம், மத்தியானம் பருப்பும் நெய்யும் மிதக்கும் சாதம். எல்லாரும் சாப்பிட்ட பிறகு எனக்கு அடியில் நிற்கும் ரசமும் மோரும். குழந்தை வேண்டும் என்று அம்மா என்னை ஆற்றில் முழுகி, ஈரப் புடவையோடு கரையில் இருக்கும் அரசமரத்தை நூற்றெட்டுச் சுற்று சுற்றச் சொன்னாள். பொழுது விடிவதற்கு முன்னால் ஊரில் பாதிப் பேர் ஒதுங்கிவிட்டுப் போகும் மண் அது. எனக்குத் தலை சுற்றுகிறது, மாரடைக்கிறது என்று உங்களிடம் வந்து சொன்னேன். நடந்தால் ரத்தம் ஓடும், தேகாப்பியாசமும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு என்றீர்கள். இரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் சுற்றினேன்.

அப்புறம் ஏழாம் மாசத்தில் அந்தக் குழந்தை போயிற்று. நீங்கள்தான் வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள். எங்கே வைத்தீர்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. ரத்தம் இல்லாத வயிற்றில் என்ன தங்கும் என்று அம்மா சொன்னாள். நீங்கள் மறுக்கவில்லை. மறு மாசம் என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, அண்ணாவுக்கு எழுதினீர்கள். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. "உங்கள் தங்கைக்கு ரத்தம் ஊறட்டும். ஊறிய பின் எழுதவும்." கூடவே ஒரு புட்டி ரத்த விருத்தி டானிக்.

அந்தப் புட்டியைத் தம்பானூரில் டிஸ்பென்ஸரி வைத்திருக்கும் ராகேல் டாக்டரம்மா மோந்து பார்த்தாள். வெல்லப்பாகும் லவங்கப்பட்டையும் என்றாள். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரி, மனசில் ஒளித்துப் பேசத் தெரியாதவள். என் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றி, சிவப்புக் கட்டங்கள் போட்ட அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். நூற்றுக்கு முப்பது. அப்புறம் வேறு சோதனையும் பண்ணி, வயிற்றில் கொக்கிப் புழு என்று சொன்னாள். அழுக்கு மண்ணில் இருந்து, வெறும் உள்ளங்கால் வழியாக ஏறி, குடலில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். நான் அரசமரத்தைச் சொன்னேன். "ஈரத்துணியும் வெறுங்காலுமா நூத்தெட்டுச் சுத்தா? புழுவுக்கு நீங்க தெனமும் விருந்து வச்சிருக்கியோ, கேட்டேளா. பயப்படாண்டாம், தீத்துரலாம்" என்றாள்.

புழுவுக்குக் குளிகை, மறுநாள் பேதி உப்பு, பிறகு எட்டு மாசம் இரும்பு மாத்திரை. முருங்கைக்கீரை, எள்ளு, கேழ்வரகு, எல்லாரோடும் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பாடு. ஒரு ஜோடி தோல் செருப்பு. அந்தச் செருப்போடு தினமும் வலியசாலையிலிருந்து தம்பானூருக்கு நடக்கிறேன். அக்ரஹாரத்தில் பொம்மனாட்டி செருப்புச் சத்தமெல்லாம் கேட்க வேண்டியிருக்கே என்று அடுத்தாத்து மாமி முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் பால் காய்ச்ச எழுந்திருக்கிறாள். இன்றைக்கு என் ரத்தம் எண்பத்தைந்து. உங்களுக்கு எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

ஒரு வருஷமாக டிஸ்பென்ஸரியில் காலை வேளையில் நான்தான் சிறுநீர் சோதனை செய்கிறேன். அதனால் உங்கள் வியாதி எனக்குப் புதிது இல்லை. உட்கார்ந்து உத்தியோகம் பார்த்துக்கொண்டு, தண்டாலை விட்டுவிட்டு, நெய்யையும் லேகியத்தையும் மட்டும் விடாமல் இருந்தால் சர்க்கரை வராமல் என்ன செய்யும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

என் பதில் இதுதான். மருந்துக் கடையில் சோதனைக்குரிய நீல மருந்து கிடைக்கும். கண்ணாடிக் குழாயில் அதை ஒரு சின்னக் கரண்டி விட்டு, சிறுநீர் எட்டுச் சொட்டு சேர்த்து, ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் பார்க்கவும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் என்றால் நான் சொல்ல வேண்டியதில்லை. ஊசியை விடாமல், வாயைக் கட்டி, தினமும் நடந்து, நிறத்தை மாசாமாசம் எனக்கு எழுதவும்.

நீலம் ஆகட்டும். ஆன பின் எழுதவும். அப்போது வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
சுண்ணாம்புச் சுவராக இருந்த
சூடாமணி.


வலியசாலை,
1111, இடவம் 4.

ஆத்துக்காரருக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் இந்தத் தடவை என் பேருக்கே வந்தது. முதல் பக்கம் முழுவதும் என்னைத் திட்டியிருக்கிறீர்கள். வாசித்தேன். புருஷனுக்கு நிபந்தனை போடும் பெண்டாட்டியை ஏழேழு ஜன்மத்திலும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்டாட்டிக்கு நிபந்தனை போடும் புருஷனை நான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் பக்கம் சங்கதி நன்றாக இருந்தது. நீல மருந்து வாங்கிவிட்டீர்கள். ஆனால் அடுப்பில் வைக்க அம்மா விடவில்லை. "அக்னியில் மூத்திரமா? நான் உசிரோட இருக்கற வரைக்கும் இந்தாத்துல நடக்காது" என்று சொல்லிவிட்டாள். ஆகவே எட்டுச் சொட்டு விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் காத்திருந்தீர்கள். நல்ல நீலம். மூன்று நாள் பார்த்தும் மூன்று நாளும் நீலம். எல்லாம் நாவல்கொட்டைச் சூரணத்தின் மகிமை என்று எழுதி, அந்தக் கடைக்காரரின் நோட்டீசையும் உள்ளே வைத்திருக்கிறீர்கள். ஊசியை நிறுத்தியாகிவிட்டது. அம்மா பாயசம் வைத்தாள். சுவாமிக்கு நூற்றெட்டுப் பிரதட்சிணம் பண்ணுவதாகப் பிரார்த்தனை செய்திருக்கிறீர்கள்.

நீலம் என்று வாசித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எந்த மாதிரி சந்தோஷம் என்று விவரிக்க மாட்டேன். கொதிக்க வைத்தீர்களா என்று இனிமேல் கேட்கவும் மாட்டேன். அம்மா சொல்வது நியாயம்தான். பெரியவர்கள் பேச்சை மீறக் கூடாது. நான் மீறினேனா? சுற்றச் சொன்னாள், சுற்றினேன்.

பிரதட்சிணத்தை நல்லபடியாகச் செய்யவும். செருப்புப் போடாமல்தான் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பலன் கிடையாது. தேகாப்பியாசமும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு. பாயசம் எப்படி இருந்தது என்று எழுதவில்லையே. அங்கே இது மாம்பழக் காலமும் அல்லவா.

நான் இப்போது வருவதற்கில்லை. மூன்று நாள் நீலம் போதாது, இன்னும் சில மாசம் பார்க்கலாம். உங்கள் கடிதம் வந்த அன்று நான் இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். என்னடி இவ்வளவு பசி என்று மன்னி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இப்படிக்கு,
சூடாமணி.


வலியசாலை,
1111, கர்க்கடகம் 11.

இந்தக் கடிதத்தைப் பாதியில் கிழிக்காமல் கடைசி வரை வாசிக்கவும். வாசிக்க முடியாவிட்டால் யாரையாவது வாசிக்கச் சொல்லவும்.

அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு எழுதிய கடிதம் இன்று காலை வந்தது. பிரதட்சிணத்தின்போது கல் தடுக்கிப் பெருவிரல் கிழிந்ததாம். இருபத்தைந்து நாளாகியும் ஆறவில்லையாம். விரல் கறுத்துக்கொண்டு வருகிறதாம். ஆள் பாதியாக இளைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, படுத்தபடி இருக்கிறீர்களாம். நீலமாகத்தானே இருக்கிறது, பின் ஏன் இப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறாள். உன் மாங்கல்யத்தை நினைத்தாவது வா என்கிறாள். என்னை ஒரு தடவைகூட அடியே என்று கூப்பிடாமல், குழந்தே என்று எழுதச் சொல்லியிருக்கிறாள்.

இதற்குள் என் தந்தி வந்திருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும், மறுபடி ஊசி தொடங்கவும் என்று மட்டும் அதில் இருக்கும். காரணத்தைத் தந்தியில் எழுதக் கை வரவில்லை. காரணம் இதுதான்.

கொதிக்க வைக்காவிட்டால் அந்த மருந்து எப்போதும் நீலம்தான். உங்கள் சிறுநீரை விட்டாலும் நீலம், சர்க்கரைப் பாகை விட்டாலும் நீலம். நெருப்பில் வைத்தால்தான் உண்மை தெரியும். இடவ மாசம் உங்கள் கடிதத்தை வாசித்த நிமிஷமே எனக்கு இது தெரியும். உங்கள் உடம்பில் சர்க்கரை அப்படியே இருக்கிறது, ஊசியையும் விட்டுவிட்டீர்கள், பாயசமும் குடிக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேதான் சந்தோஷம் என்று எழுதினேன். செருப்பில்லாமல் சுற்றுங்கள் என்று எழுதியதும் தெரிந்துதான். இந்த வியாதிக்காரருக்குக் காலில் காயம் ஆகக் கூடாது என்பது டிஸ்பென்ஸரியில் நான் தினம் நாலு பேருக்குச் சொல்லும் விஷயம்.

அந்த இரண்டு மாசமும் எனக்கு எவ்வளவு இனித்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு கரண்டி பாயசம் உங்கள் வாயில் போவதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் அதிகம். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் யாரையும் தள்ளவில்லை, குழியைப் பார்த்தும் பேசாமல் நின்றேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை அம்மாவின் கடிதத்தோடு டிஸ்பென்ஸரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் முதலிலிருந்து சொன்னேன். கையில் இருந்த குழாயை அவள் மேஜை மேல் வைத்தாள். "காய்ச்சாத மருந்து எல்லாருக்கும் நீலம்தான்னு ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். இதுவரை என்னை நீங்க என்றுதான் பேசியிருக்கிறாள். "அப்பம் அந்தப் புழுவுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். வெளியே வந்து, தந்தி கொடுக்க மழையில் தபாலாபீசுக்கு ஓடினேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. உங்களுக்கு ஒன்று ஆனால் பத்தாம் நாள் என் தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பார்கள் என்று மன்னி காலையிலிருந்து புலம்புகிறாள். அது எனக்குப் பயம்தான். செருப்பையும் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் அதற்காக மட்டும் இதை எழுதவில்லை.

குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டு நீங்கள் திரும்பி வந்த அன்று, நான் அறையில் படுத்திருந்தேன். கதவிடுக்கில் முற்றம் தெரியும். நீங்கள் வந்து கிணற்றடியில் குளித்தீர்கள். ஈரத்தோடு வெகு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மா பால் கொண்டுவந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். மறுநாளும் தண்டால் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். மூன்று வருஷமாக உங்களைத் திட்டும்போதெல்லாம் இதை மட்டும் தள்ளி வைத்துவிட்டுத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குழந்தை இருக்கும் இடம் இந்த உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். ஆற்றங்கரையா, தோப்பா, எந்த மரத்தடி என்று எனக்குத் தெரியாது. பிள்ளையா பெண்ணா என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே உங்களை முடித்துவிடப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்று சாதம் இறங்கவில்லை.

ஆகவே நீங்கள் பிழைக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் எடுக்கச் சொல்லவும். ஒன்பது விரலோடு நடக்கலாம், கரமனை வரைக்கும் நன்றாக நடக்கலாம். வந்து என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். காட்டிய பிறகு உங்களை வெளிச்சத்தில் நிறுத்தி, கீழிமையை இழுத்து, உங்கள் தங்கைகள் முன்னால் ஒரு வார்த்தை சொல்வேன். அது என்ன வார்த்தை என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடிதத்தின் பின்னாலேயே ஒரு பார்சல் வரும். ஸ்பிரிட் விளக்கு ஒன்று வைத்திருக்கிறேன். அதை வீட்டுக்கு வெளியே வைத்தே ஏற்றலாம், அம்மாவின் அடுப்புக்குத் தீட்டு வராது. இரண்டு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. ஒரு ஜோடி செருப்பும் இருக்கிறது. அளவு எப்படித் தெரியும் என்று நினைக்க வேண்டாம். ஐந்து வருஷம் உங்கள் காலுக்குத் தண்ணீர் விட்டவள், எனக்கு அளவு தெரியும்.

பெண்டாட்டி புருஷனை ஆசீர்வாதம் பண்ணுவது முறையில்லை என்பார்கள். முறையெல்லாம் பார்த்தது போதும். தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
சூடாமணி.

எட்டுச் சொட்டு. ஐந்து நிமிஷம். இந்தத் தடவை கொதிக்க வையுங்கள்.